மெய்னிரின் திங்கட்கிழமை மலை

1977 அக்டோபரில் ஒரு காலை, மெய்னிர் ப்ரைஸ் முதன்முதலாக பஸ் ஓட்டிக்கொண்டு வந்தபோது, எங்கள் தேவாலயத்து மூப்பர் ஒருவர் நிறுத்தத்தில் நின்றபடியே ஏற மறுத்துவிட்டார். எங்கள் வெல்ஷ் கிராமமான லான்வாதோக்கிலிருந்து சந்தை ஊருக்குப் போகும் தடத்தில் அதுவரை ஒரு பெண்ணும் வண்டி ஓட்டியதில்லை.

"நான் அடுத்த வண்டியில வரேன்" என்றார் மூப்பர்.

"அடுத்த வண்டியும் நான்தான் ஓட்டுறேன்."

"அப்ப அதுக்கு அடுத்தது."

"அதுவும் நான்தான். சனிக்கிழமை வரைக்கும் நான்தான். சாப்பாடு கட்டிக்கிட்டு வந்திருக்கீங்களா?"

பள்ளிச் சீருடையோடு பஸ்ஸுக்குள் உட்கார்ந்து இதைக் கேட்டுச் சிரித்தவர்களில் நானும் ஒருத்தி. மூப்பர் அன்று நாலு மைல் மழையில் நடந்தார். மறுநாளும் நடந்தார். மூன்றாம் நாள் ஏறினார். மெய்னிர் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார். "ஈரக் குடையை சீட்டு மேல வெக்காதீங்க" என்றதைத் தவிர வேறு எதுவும் பேசவில்லை.

ஊரில் அப்போது நாலு மெய்னிர்கள் இருந்தார்கள். எங்கள் பக்கம் பெயர்களுக்குப் பஞ்சம். ஆளைப் பிரித்துச் சொல்லத் தொழிலையோ வீட்டையோ சேர்த்துக்கொள்வோம். அன்றிலிருந்து அவர் பஸ் மெய்னிர் ஆனார். பிள்ளைகளான எங்களுக்கு ஆன்ட்டி மெய்னிர்.

மலை ஏறத் தொடங்கியதும் ஒரு வீம்பில்தான். 1981 வசந்தத்தில் ஒரு மாலை, மதுக்கடையில் வெளியூர்க்காரர்கள் இரண்டு பேர் மொயில் ஹாவோத்துக்கு எப்படிப் போவது என்று விசாரித்துக்கொண்டிருந்தார்கள். மொயில் என்றால் மொட்டை. பாறை இல்லை, மரம் இல்லை, உச்சி வரைக்கும் புல்தான். கடைக்காரர் மெய்னிரைப் பார்த்து, "நீ போயிருக்கியா?" என்று கேட்டார். மெய்னிரின் கணவர் ட்ரெவோர் முந்திக்கொண்டார். கல் குவாரியில் லாரி ஓட்டுகிறவர்; ஒரு கோப்பை உள்ளே போனால் வாய் தானாகத் திறந்துகொள்ளும்.

"அவளா? நாள் பூரா உக்காந்தே கெடக்குற பொம்பள. ரெண்டாவது கேட்டைத் தாண்ட மாட்டா."

கடையே சிரித்தது. மெய்னிரும் சிரித்தார். அடுத்த திங்கட்கிழமை, அவருடைய விடுமுறை நாளில், பஸ் ஓட்டும்போது போடும் அதே தட்டைச் செருப்போடு கிளம்பிப் போனார்.

ஏற மூன்றரை மணி நேரம் ஆயிற்று. சந்தில் நடந்து, ப்ளைன் பண்ணை முற்றத்தின் ஓரமாக முதல் கேட். மேய்ச்சல் வயலைக் கடந்து இரண்டாவது கேட். அதன் பிறகு இடுப்பளவு பெரணிச் செடிகள், கால் புதையும் சதுப்பு, உச்சி வந்துவிட்டது என்று ஏமாற்றும் ஒரு மேடு, மறுபடியும் ஒரு மேடு. ஒரு செருப்பு சதுப்பிலேயே போய்விட்டது. காலுறையோடு ஏறி முடித்தார். மேலே ஒரு கல்குவியலாவது இருக்கும் என்று எதிர்பார்த்திருந்தாராம். ஒன்றுமில்லை. புல்லும் காற்றும். கீழே அவர் தினமும் ஓட்டும் சாலை, யாரோ கைதவறிப் போட்ட நூல் மாதிரி கிடந்தது.

"அங்க என்ன ஆன்ட்டி இருக்கு?" என்று பின்னாளில் நான் கேட்டிருக்கிறேன்.

"அங்க யாரும் மணி அடிக்க மாட்டாங்க, கண்ணு. 'இங்க நிறுத்து, அங்க நிறுத்து'ன்னு சொல்ல ஒரு ஆள் கிடையாது."

அன்று இறங்கி வரும்போது ஒரு கை நிறைய உச்சிப் புல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்தார். இரவுச் சாப்பாட்டில் ட்ரெவோரின் உருளைக்கிழங்குக்கு அடியில் அதைப் பரப்பி வைத்தார்.

"என்னடி இது?"

"ரெண்டாவது கேட்டுக்கு அந்தப் பக்கம் விளைஞ்சது. சாப்பிடு."

ட்ரெவோர் புல்லை ஒதுக்கிவிட்டுக் கிழங்கைச் சாப்பிட்டார். அந்த நகைச்சுவையை அப்புறம் அவர் எடுக்கவே இல்லை. மெய்னிர் அடுத்த திங்களும் போனார். அதற்கடுத்த திங்களும். நல்ல பூட்ஸ் வாங்கிக்கொண்டார். இருபத்துமூன்று வருடம் போனார். அவரைப் பார்த்து மற்றவர்களும் போக ஆரம்பித்தார்கள். தையற்கடைக்காரி, பால்காரர், பள்ளிக்கூட வாத்தியார்கள், கோடையில் நானும்.

வழி ப்ளைன் பண்ணைக்குள் போனது என்றேன். அந்தப் பண்ணை இத்வாலுடையது. இத்வாலைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதை நகராது. அவர் பேசாத மனிதர். ஊமையில்லை, பேச விருப்பமில்லை, அவ்வளவுதான். முதல் தடவை மெய்னிர் அவர் முற்றத்தோரம் போனபோது "காலை வணக்கம், இத்வால்" என்றார். இத்வால் ஆட்டுக்கோலை ஊன்றி நின்று வானத்தைப் பார்த்தார். பிறகு தொழுவத்துக்குள் போய்விட்டார். அவர் இருந்தவரைக்கும் இதேதான். போ என்றதில்லை, போகாதே என்றதும் இல்லை. கேட்டைக் கயிற்றால் கட்டியிருப்பார். மெய்னிர் அவிழ்த்து, உள்ளே போய், அதே முடிச்சைப் போட்டுவிட்டு நடப்பார்.

இடையில் ஒரு முறைதான் நடை நின்றது. 2001-இல் கோமாரி நோய் பரவியபோது நாட்டில் பாதைகளெல்லாம் மூடப்பட்டன. இத்வாலின் ஆடுகளையும் அரசு ஆட்கள் வந்து சுட்டு எரித்தார்கள். நானூற்றுப் பத்து ஆடுகள். புகை ஒரு வாரம் ஊர்மேல் நின்றது. மெய்னிர் ஒன்பது மாதம் அந்தச் சந்துப் பக்கமே போகவில்லை. திங்கட்கிழமைகளில் வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்து ட்ரெவோரைப் பைத்தியமாக்கினார்.

2003 குளிர்காலத்தில் இத்வால் இறந்தார். அவர் மனைவி கெய்ன்வென் பண்ணையை விற்றுவிட்டு ஊருக்குள் சின்ன வீடு ஒன்றில் குடியேறினார். வாங்கியவர் பெயர் ஹாஸ்லம். குளியலறை ஓடு வியாபாரத்தில் நன்றாகச் சம்பாதித்து, அதை விற்றுவிட்டு வந்தவர். வேட்டைக்காக ஃபெசன்ட் என்னும் காட்டுக்கோழிகளை வளர்க்கப் போகிறார் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள்.

2004 செப்டம்பரில் ஒரு திங்கட்கிழமை, மெய்னிர் ஓய்வுபெற்ற மறுவருடம், முதல் கேட்டில் கயிறு இல்லை. சங்கிலியும் பூட்டும் தொங்கின. ஆங்கிலத்தில் ஒரு பலகை: தனியார் நிலம், பொதுவழி இல்லை.

மெய்னிர் அதை இரண்டு தடவை படித்தார். பையைக் கழற்றி கேட்டுக்கு அந்தப் பக்கம் போட்டார். பிறகு தானும் ஏறி அந்தப் பக்கம் குதித்தார். அப்போது அவருக்கு அறுபத்தொன்று. வயலின் நடுவே போய்க்கொண்டிருக்கும்போது நாலு சக்கர மோட்டார் வண்டியில் ஹாஸ்லம் வந்து வழிமறித்தார்.

"மேடம், இது தனியார் நிலம்."

"தெரியும். இருபத்துமூணு வருஷமா தெரியும்."

"பலகையைப் பாக்கலையா நீங்க?"

"பாத்தேன். எழுத்து அழகா இருக்கு."

"என் பறவைங்க பயப்படும். குஞ்சுங்களை வளக்குற இடம் இது. நான் கெட்டவன் இல்லை, மேடம். கேட்டிருந்தா யோசிச்சிருப்பேன்."

"கேக்குறதா? இத்வால்கிட்டயே நான் கேட்டதில்லை. உங்ககிட்ட எதுக்குக் கேக்கணும்?"

ஹாஸ்லம் போலீசுக்கு போன் செய்தார். ஒரு மணி நேரம் கழித்து ஒரு கான்ஸ்டபிள் வந்தார். அதற்குள் மெய்னிர் பெரணிச் சரிவில் பாதி தூரம் ஏறியிருந்தார். கான்ஸ்டபிள் கீழே நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு, நிலத்துக்குள் நடப்பது போலீஸ் விவகாரம் இல்லை, வேண்டுமானால் வக்கீலைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார்.

மறுநாள் காலை நூலகம் திறந்ததும் முதல் ஆளாக மெய்னிர் வந்தார். நூலகத்தில் வேலை செய்தது நான்தான்.

"கண்ணு, ஒரு வழியைப் பொதுவழின்னு நிரூபிக்கிறதுக்கு எதாவது படிவம் இருக்குமா?"

இருந்தது. கவுண்டி அலுவலகத்துக்கு, அதாவது எங்கள் மாவட்ட நிர்வாகத்துக்கு, எழுதி வாங்கினோம். வழி அடைக்கப்பட்ட நாளுக்கு முந்தைய இருபது வருடமும் மக்கள் அதில் நடந்திருக்க வேண்டும். ஒளிந்து நடந்திருக்கக் கூடாது, வம்படியாக நடந்திருக்கக் கூடாது. நிலத்துக்காரரின் அனுமதியோடும் நடந்திருக்கக் கூடாது. இந்தக் கடைசி விதியைப் படித்ததும் மெய்னிருக்குக் கோபம் வந்துவிட்டது.

"என்ன கூத்து இது? அனுமதி வாங்கினா தப்பா?"

"ஆமா ஆன்ட்டி. அவர் 'போங்க'ன்னு சொல்லியிருந்தா அது அவர் காட்டின தயவு. தயவை எப்ப வேணா நிறுத்திக்கலாம். அவர் ஒண்ணும் சொல்லாம இருந்து, நீங்க பாட்டுக்கு உரிமையோட நடந்திருந்தாத்தான் அது வழி."

மெய்னிர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். "அப்படின்னா இத்வாலை விடப் பொருத்தமான ஆள் இந்த நாட்டுலயே கிடைக்க மாட்டார்."

மனு போட்டோம். முப்பத்தொரு பேர் படிவம் நிரப்பினார்கள். அதில் பாதிப் பேரை மெய்னிரே வீடு வீடாகப் போய் உட்காரவைத்து எழுதவைத்தார். சிலர் தயங்கினார்கள். புது முதலாளியைப் பகைத்துக்கொள்வானேன் என்றார்கள். பால்காரர் மட்டும் வாய்விட்டே சொன்னார்: "விடு மெய்னிர், வேற எவ்வளவோ மலை இருக்கு."

"இருக்கு. அங்க இருக்கிற கேட்டையும் ஒருநாள் பூட்டுவாங்க. அப்ப எந்த மலைக்குப் போறது? உங்க வீட்டு மாடிக்கா?"

பால்காரர் கையெழுத்துப் போட்டார்.

இதற்கிடையில் ஒவ்வொரு திங்களும் மெய்னிர் மலைக்குப் போவது நிற்கவில்லை. ஹாஸ்லம் கேட்டின் மேல் முள்கம்பி சுற்றினார். மெய்னிரின் மழைக்கோட்டு கிழிந்தது, உள்ளங்கையும் கிழிந்தது. கையில் கட்டோடு அவர் வீட்டுக்கு வந்ததைப் பார்த்த ட்ரெவோர் நேராகக் கொல்லைக் கொட்டகைக்குப் போனார். படிக்கட்டிலிருந்து எப்போதோ பிய்த்தெடுத்த பழைய கம்பளத் துண்டு ஒன்றைத் தேடி எடுத்து, இரண்டாக மடித்து, தூக்கிப் போக ஒரு வார் தைத்துக் கொடுத்தார்.

"முள்ளு மேல இதைப் போட்டுட்டு ஏறு."

"நீயும் வாயேன்."

"என்னால ரெண்டாவது கேட்டைத் தாண்ட முடியாது" என்றார் ட்ரெவோர். பாதி கிண்டல், பாதி உண்மை. அவருக்கு மூச்சுத் தொந்தரவு வந்திருந்தது.

அந்தச் சிவப்புப் பூப்போட்ட கம்பளத்தை முதுகில் சுருட்டிக் கட்டிக்கொண்டு மெய்னிர் சந்தில் நடப்பதை ஊரே ஜன்னலிலிருந்து பார்த்தது. போகப்போக அவர் பின்னால் இரண்டு பேர், நாலு பேர் சேர்ந்தார்கள். கவுண்டி மனுவை ஏற்று ஆணை போட்டது. ஹாஸ்லம் ஆட்சேபித்தார். விஷயம் பொது விசாரணைக்குப் போயிற்று.

விசாரணைக்கு ஒரு மாதம் முன்னால் எதிர்த்தரப்பு சாட்சிகளின் பட்டியல் வந்தது. அதில் முதல் பெயர் கெய்ன்வென். கூடவே அவர் கையெழுத்திட்ட வாக்குமூலம், ஆங்கிலத்தில்: 'என் கணவர் அன்புள்ளம் கொண்டவர். தம் நிலத்தின் வழியே நடக்க அனைவரையும் அனுமதித்தார்.'

நூலக மேசையில் அதைப் படித்ததும் மெய்னிரை வரச் சொன்னேன். அந்த ஒரு வரி போதும், முப்பத்தொரு படிவமும் குப்பைக்குப் போக.

"ஆன்ட்டி, நீங்க ஒரு தடவை போய் அவங்ககிட்டப் பேசுங்க. சின்ன வயசிலேர்ந்து பழக்கம்தானே. ஒரே பெஞ்சுல படிச்சவங்க நீங்க ரெண்டு பேரும்."

"மாட்டேன்."

"ஏன்?"

"நான் போய்ப் பேசி அவ மாத்திச் சொன்னா, அது என் பேச்சு. அவ புருஷனைப் பத்தி அவளே சொல்லட்டும். பொய் சொன்னா என் மூஞ்சியைப் பாத்துச் சொல்லட்டும்."

அந்த ஒரு மாதமும் ரொட்டிக் கடையில் இருவரும் எதிரெதிரே வந்தால் மெய்னிர் நிமிர்ந்து பார்த்தார். கெய்ன்வென் கூடைக்குள் பார்த்தார்.

2006 மார்ச். தேவாலயத்தின் பக்கத்துக் கூடத்தில் விசாரணை. அதிகாரி தலைநகர் கார்டிஃபிலிருந்து வந்திருந்தார், சாந்தமான மனிதர், பென்சிலைச் சீவிக்கொண்டே இருந்தார். ஹாஸ்லம் தரப்பில் ஒரு பெண் வக்கீல், கெட்டிக்காரி. மெய்னிர் தன் சாட்சியை வெல்ஷ் மொழியில்தான் சொல்வேன் என்று முன்பே எழுதிக் கொடுத்திருந்தார். அதனால் மூலையில் மொழிபெயர்ப்பாளர் ஒருவர் உட்கார்ந்திருக்க, வக்கீலும் ஹாஸ்லமும் காதில் கருவி மாட்டிக்கொண்டார்கள்.

"உங்களுக்கு இங்கிலீஷ் நல்லாத் தெரியும்தானே, மிஸஸ் ப்ரைஸ்?" என்று ஆரம்பித்தார் வக்கீல்.

"தெரியும். நீங்க சொன்னது புரிஞ்சது. நான் சொல்றதை நீங்க கொஞ்சம் சிரமப்பட்டுக் கேளுங்க."

கூடத்தில் சிரிப்பு. அதிகாரி பென்சிலைத் தட்டினார்.

வக்கீல் மென்மையாகத்தான் கேட்டார். அதுதான் ஆபத்து. இத்வால் நல்லவர்தானே? ஆம். உங்களைத் தடுத்ததே இல்லையே? இல்லை. அப்படியென்றால் நடக்க விட்டார் என்றுதானே அர்த்தம்?

"அம்மா, இத்வால் மழையைக் கூடத் தடுத்ததில்லை. அதனால மழைக்கு அவர் அனுமதி கொடுத்தார்னு ஆயிடுமா?"

வக்கீல் ஒரு தாளைத் திருப்பினார். "2001-இல் நீங்கள் ஒன்பது மாதம் நடக்கவில்லை. இருபது வருடம் தொடர்ந்து நடந்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அது உண்மை இல்லை, அப்படித்தானே?"

முதன்முறையாக மெய்னிரின் குரல் தணிந்தது.

"அந்த ஆளோட நானூத்திப் பத்து ஆட்டைச் சுட்டு அடுக்கி வெச்சிருந்தாங்க. அதை மிதிச்சுக்கிட்டு நான் உலாத்தப் போயிருக்கணுமா? நோயை பூட்ஸுல ஒட்டிக்கிட்டுப் போய்ப் பக்கத்துப் பண்ணைக்கும் கொடுத்திருக்கணுமா? அப்படிப் போயிருந்தா இன்னிக்கு என் கேஸ் பலமா இருந்திருக்கும். போகலை. இன்னொரு தடவை வந்தாலும் போக மாட்டேன். எழுதிக்கோங்க."

அதிகாரி உண்மையாகவே எழுதிக்கொண்டார்.

ட்ரெவோரும் சாட்சி சொன்னார். அந்த மலையில் கால் வைத்ததே இல்லை என்று ஒப்புக்கொண்டார். பிறகு உமக்கு என்ன தெரியும் என்று வக்கீல் கேட்டபோது, "திங்கட்கிழமை ராத்திரி எங்க வீட்டு அடுப்புக்கிட்ட ஒரு ஜோடி ஈர பூட்ஸ் இருக்கும். இருபத்தஞ்சு வருஷமா அந்த நாத்தத்துலதான் நான் செய்தி பாக்குறேன்" என்றார்.

மத்தியானம் கெய்ன்வென்னைக் கூப்பிட்டார்கள். சாம்பல் நிறக் கோட்டு, தேவாலயத்துக்குப் போடும் தொப்பி. மெய்னிர் முன்வரிசையில் நேராக நிமிர்ந்து, அவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். வக்கீல் வாக்குமூலத்தை வாசித்தார். "உங்கள் கணவர் அன்பானவர், எல்லோரிடமும் நடக்கலாம் என்று சொல்லியிருந்தார். சரிதானே?"

கெய்ன்வென் வெல்ஷிலேயே திருப்பிக் கேட்டார். "இதுல என்ன எழுதியிருக்குன்னீங்க?"

"அனுமதித்தார் என்று."

"நான் அப்படிச் சொல்லலையே. உங்க ஆபீஸ்லேர்ந்து வந்த பையன்கிட்ட நான் சொன்னது, 'அவர் பாட்டுக்கு விட்டுட்டார்'னு. விட்டுட்டார் வேற. அனுமதிச்சார் வேற."

"ஆனால் மக்களிடம் அவர் பேசியிருப்பார் அல்லவா? வருகிறவர்களிடம், போங்கள், பரவாயில்லை என்று..."

"யாரு, இத்வாலா?"

அவர் குரல் உயர்ந்தது. அந்தக் குரலை நாங்கள் யாரும் அதற்கு முன் கேட்டதில்லை.

"நாப்பது வருஷம் அந்த மனுஷனோட வாழ்ந்தேன். என்னைக் கல்யாணம் பண்ணிக்கிறியான்னு அவர் கேக்கலை. மோதிரத்தை மேசை மேல தள்ளிவிட்டார். என் அம்மா செத்தப்ப ஒரு வார்த்தை சொல்லலை. ஆட்டையெல்லாம் சுட்டாங்களே, அன்னிக்கு ராத்திரி அழுதுக்கிட்டே உக்காந்திருந்தார். அப்பவும் பேசலை. நான் பேசுங்கன்னு கெஞ்சினேன். என்கிட்டயே பேசாதவர், ரோட்டுல போறவங்ககிட்ட நின்னு, 'போங்க, நடங்க'ன்னு பேசினாராமா? அப்படிப் பேசியிருந்தா நான் அவரைச் சும்மா விட்டிருப்பேனா?"

மொழிபெயர்ப்பாளர் பாதியில் நின்றுவிட்டார். வக்கீல் கருவியைத் தட்டிப் பார்த்தார். பிறகு தயங்கித் தயங்கி ஆங்கிலம் வந்தது. ஹாஸ்லம் தலையைக் குனிந்துகொண்டார். அவருக்கும் மனைவி இறந்து மூன்று வருடம்தான் ஆகியிருந்தது என்று பிறகு கேள்விப்பட்டேன்.

"வேறு கேள்வி இல்லை" என்றார் வக்கீல்.

வெளியே வந்ததும் கெய்ன்வென் மதிலோரம் நின்று கையுறையைப் போட முயன்றுகொண்டிருந்தார். மெய்னிர் போய் அந்தக் கையைப் பிடித்துக் கையுறையை இழுத்து மாட்டிவிட்டார்.

"நான் உனக்கு நன்றி சொல்ல மாட்டேன்" என்றார் மெய்னிர்.

"சொன்னா அடிப்பேன். உனக்காகச் சொல்லலை. அந்த ஆளு என்னை எவ்வளவு படுத்தினார்னு ஒரு தடவையாவது எங்கயாவது எழுதி வெக்கட்டும்னு சொன்னேன்."

"எழுதிட்டாங்க. பென்சில்ல எழுதினார், ஆனா எழுதிட்டார்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். கெய்ன்வென் அழவும் செய்தார். பிறகு எங்கள் வீட்டுக்கு வந்து மூன்று கிண்ணம் ஆட்டுக்கறிச் சூப் குடித்தார். இத்வால் போனதிலிருந்து தனக்கு மட்டும் சமைக்கப் பிடிக்கவில்லை என்றார்.

முடிவு வர ஐந்து மாதம் ஆயிற்று. கடிதத்தை நூலக முகவரிக்குத்தான் அனுப்பச் சொல்லியிருந்தோம். பிரித்துப் பார்த்துவிட்டு நான் மெய்னிர் வீட்டுக்கு ஓடினேன். வழி பொதுவழி என்று உறுதிசெய்யப்பட்டது. அகலம் இரண்டு மீட்டர். பூட்டும் முள்கம்பியும் நீக்கப்பட வேண்டும். கோமாரி நோய்க் காலம் இடைவெளியாகக் கருதப்படவில்லை.

மெய்னிர் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். வாயில் கிளிப்போடு முழுக் கடிதத்தையும் வாசிக்கச் சொல்லிக் கேட்டார்.

"சந்தோஷமா ஆன்ட்டி?"

"என் வழியை எனக்கே திருப்பிக் கொடுத்திருக்காங்க. இதுல சந்தோஷப்பட என்ன இருக்கு? ரெண்டு வருஷத்தை யார் குடுப்பா? கிழிஞ்ச மழைக்கோட்டை யார் தைச்சுக் குடுப்பா?"

ஆனால் அன்று மாலை மதுக்கடையில் எல்லோருக்கும் அவர்தான் வாங்கிக் கொடுத்தார்.

கவுண்டிக்காரர்கள் புது கேட் வைத்து, ஒரு திங்கட்கிழமை நாடா வெட்டித் திறப்பது என்று ஏற்பாடு செய்தார்கள். கவுண்டி மன்ற உறுப்பினர் ஒருவர் உரையோடு வந்தார். நாற்பது பேருக்கு மேல் கூடியிருந்தோம். பத்து மணிக்கு மெய்னிரைத் தேடினால் ஆளைக் காணோம். யாரோ மேலே காட்டினார்கள். பெரணிச் சரிவில் ஒரு நீலப் புள்ளி நகர்ந்துகொண்டிருந்தது. எட்டு மணிக்கே கிளம்பிவிட்டிருந்தார். உறுப்பினர் வாசித்த உரையை நாங்கள் பாதி கேட்டுவிட்டு மெய்னிர் பின்னால் ஏறினோம். கெய்ன்வென்கூட வந்தார். நாற்பது வருடம் அடிவாரத்தில் வாழ்ந்தும் ஆட்டைத் தேடித் தவிர வேறு எதற்கும் அவர் மேலே போனதில்லையாம்.

உச்சியில் மேகம் இறங்கியிருந்தது. ஒன்றும் தெரியவில்லை. ஊர் இல்லை, சாலை இல்லை. ஈரப் புல்லில் கம்பளத்தை விரித்து மெய்னிர் உட்கார்ந்திருந்தார்.

"என்ன, கூட்டம் கூட்டமா வந்து நிக்கிறீங்க? இதுக்காகவா நான் சண்டை போட்டேன்? எனக்குத் தனியா உக்காரணும்" என்றார். சொல்லிக்கொண்டே கெய்ன்வென்னுக்குக் கம்பளத்தில் இடம் விட்டார்.

ஹாஸ்லம் பண்ணையை விற்கவில்லை. பறவைக் கூண்டுகளைச் சரிவின் மறுபக்கத்துக்கு மாற்றிக்கொண்டார். மெய்னிரைப் பார்த்தால் தொப்பியைத் தொடுவார். மெய்னிர் தலையாட்டுவார். அதற்கு மேல் இரு தரப்பிலும் முயற்சி இல்லை. ட்ரெவோர் 2011-இல் மூச்சுத் திணறி இறந்தார். அடக்கம் முடிந்த அடுத்த திங்கள் மெய்னிர் மலைக்குப் போனது சரியில்லை என்று இரண்டு பேர் பேசினார்கள். அது அவர் காதுக்குப் போய், அந்த இரண்டு பேர் வீட்டு வாசலிலும் மணி அடித்து, "நான்தான் போனேன். என்ன விஷயம்?" என்று கேட்டுவிட்டு வந்தார்.

இப்போது அவருக்கு எழுபத்துநாலு. இடது முழங்கால் மூட்டை மாற்றியாயிற்று. மலை வேண்டாம் என்று மருத்துவர் சொன்னபோது, "எந்த மலை? பேர் சொல்லுங்க" என்றாராம். ஏற ஐந்து மணி நேரம் ஆகிறது. மழைக்காலத்தில் சதுப்பு வரைக்கும்தான். அங்கிருந்தே திரும்பினால் அன்று முழுக்க யாரோடும் பேச மாட்டார்.

தற்சமயம் அவருடைய சண்டை கவுண்டியோடு. புது கேட்டின் கொண்டி தப்பான பக்கம் இருக்கிறது, ஊன்றுகோல் பிடித்த கையால் திறக்க முடியவில்லை என்று மாதம் ஒரு கடிதம் எழுதுகிறார். தட்டச்சு செய்வது நான். போன வாரம் அங்கிருந்து ஓர் அதிகாரி போன் செய்து, வசந்தத்துக்குள் சரிசெய்துவிடுவதாகப் பணிவோடு சொன்னார்.

"எந்த வருஷத்து வசந்தம்?" என்று கேட்டார் மெய்னிர். "தேதி சொல்லுங்க. எழுதிக்கிறேன்."